மங்கு, தேமல், வெண்புள்ளி: நிறம் மாறிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

கன்னத்தில் பழுப்பாக ஒரு திட்டு. முதுகில் வெளிறிய புள்ளிகள். உதட்டோரத்தில் சுண்ணாம்பு பட்டாற்போல் ஒரு வெள்ளை. இவற்றில் எதைக் கண்டாலும் மருந்துக்கடைக்குப் போய் "இதுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்பதுதான் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பலரும் செய்கிற முதல் வேலை. அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றுக்கு ஆகிற களிம்பு இன்னொன்றைக் கிளறிவிடும். இன்னதென்று தெரியாமல் தோலில் எதையும் தடவக்கூடாது.

மாநிறமோ கறுப்போ, பிறவி நிறம் நோயல்ல; அதை மாற்ற மருந்தும் தேவையில்லை. "வெள்ளையாக்கும்" என்று சொல்லி விற்கும் கிரீம்களைத் தேடிப்போய் நல்ல தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இங்கே பேசுவது புதிதாக வந்த நிறமாற்றத்தைப் பற்றி மட்டும்.

முதலில் பார்த்துப் பிரியுங்கள்

டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். காலையில் வாசல் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ பகல் வெளிச்சத்தில், முகம் கழுவித் துடைத்தபின் பாருங்கள். அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். 4 வாரத்துக்கு ஒரு முறை அப்படி எடுத்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். தினமும் கண்ணாடி பார்ப்பதில் அது தெரியாது.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாக, சொறியோ அரிப்போ இல்லாமல் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் மங்கு. மார்பு, முதுகு, தோள்பட்டையில் சிறு சிறு புள்ளிகளாக வெளிறியோ பழுப்பாகவோ இருந்து, நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போலப் பொடி உதிர்ந்தால் தேமல். பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக, தோல் வழவழப்பாகவே இருந்தால் வெண்புள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்னத்தில் காய்ந்து சொரசொரத்து லேசாக வெளிறும் திட்டு வேறு வகை. அதைக் கண்டதும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். ஆனால் குடல் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோல் வறட்சிதான் காரணம். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசலினோ மாய்ஸ்சரைசரோ தினம் இருவேளை தடவினால் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும்.

வெளிறிய திட்டு எங்கே இருந்தாலும் ஒரு சோதனை செய்தே ஆகவேண்டும். பஞ்சை நுனியில் திரித்துக்கொள்ளுங்கள். முதலில் கண் திறந்த நிலையில் நல்ல தோலில் தொட்டுக் காட்டி, "தொடும்போதெல்லாம் அந்த இடத்தை விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி நல்ல தோல், திட்டு என்று மாற்றி மாற்றித் தொடுங்கள். திட்டின் மேல் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயாக இருக்கலாம். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும். ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், புண்ணாகும். முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்கே நோய் இருந்தும் உணர்ச்சி மிச்சம் இருக்கக்கூடும். காதுமடல் தடித்தாலோ, காலில் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ சோதனையில் உணர்ச்சி இருந்தாலும் காட்டுங்கள். மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். சீக்கிரம் பிடித்தால் கைகால் ஊனமில்லாமல் முழுதாகக் குணமாகும். பயந்து மறைத்த மாதங்களில்தான் நரம்பு சேதமாகிறது.

வெயிலைத் தடுப்பது

மங்குக்கும் பருவின் கருந்தழும்புக்கும் கொசுக்கடித் தழும்புக்கும் முதல் மருந்து வெயிலைத் தடுப்பதுதான். இது இல்லாமல் எத்தனை விலை உயர்ந்த களிம்பு போட்டாலும் ராத்திரி குறைந்தது மறுநாள் பகலில் திரும்ப ஏறும்.

கத்திரி வெயிலில் எல்லோரும் ஒதுங்குகிறோம். தை மாதச் சம்பா அறுவடையில் காற்று குளிர்ந்திருப்பதால் யாரும் ஒதுங்குவதில்லை. ஆனால் தோலைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிர் சூடு அல்ல. குளிர்ந்த காலையிலும் அது இருக்கிறது, மேகம் போட்ட நாளிலும் பெரும்பகுதி கீழே வந்துவிடுகிறது. டெல்டாவில் சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். சம்பா நாற்றங்கால் வேலை நடக்கிற ஆகஸ்டும் சித்திரைக்குச் சளைத்ததல்ல. கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தோலை மூடவேண்டிய நேரம் அது.

வயலில் இறங்குகிறவர்களுக்குக் களிம்பைவிடத் துணிதான் காவல். நடவுக்கும் களைபறிப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை நல்ல ஏற்பாடு. அது நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணியாக இருக்கட்டும். வெளுத்து மெலிந்த வெள்ளைத் துணி நனைந்து உடம்போடு ஒட்டினால் கதிர் உள்ளே போகும். தலையில் துண்டு மட்டும் கட்டினால் கன்னம் திறந்தே இருக்கும். மங்கு வருவதும் அங்கேதான். சுற்றிலும் 3 அங்குலமாவது விளிம்புள்ள தொப்பி, ஓலைத் தொப்பியானாலும் சரி, துண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நிற்கிற முகத்துக்கும் வானத்தில் சிதறிவரும் கதிர் வந்துசேரும். நாகை, வேதாரண்யம் கடற்கரையில் கருவாடு காயவைக்கிறவர்களுக்கு மணலும் சேர்த்துத் திருப்பி அடிக்கும். காய்ந்த கடல்மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தை மேலே அனுப்புகிறது.

சன்ஸ்கிரீன் வாங்குவதானால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண்) 30-க்குக் குறையாமல், பிஏ குறி மூன்று கூட்டல் (PA+++) இருப்பதாகப் பாருங்கள். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு சேர்ந்த வகையைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன்கள் அதைச் சரியாகத் தடுப்பதில்லை.

பலருக்கும் இது பலிக்காமல் போவது அளவில்தான். சுண்டுவிரலில் தொட்டு நான்கு புள்ளி வைத்துத் தேய்த்தால் டப்பாவில் போட்ட எண்ணில் பாதிகூடக் கிடைக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு. ஏறக்குறைய 1 கிராம். காலையும் மதியமும் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் தாங்காது. மூன்று மாதம் வருகிறது என்றால் போடுவது போதவில்லை என்று அர்த்தம். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பு போட்டு, வெயிலில் இருக்கிறவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வியர்த்து முகம் துடைத்தால் அப்போதே, திரும்பப் போடவேண்டும். களத்துமேட்டில் இது நடக்கிற காரியமல்ல என்பது தெரிந்ததுதான். அங்கே தொப்பியும் சட்டையும்தான் பிரதானம்; சன்ஸ்கிரீன் கூடுதல்.

அடுப்புச் சூடும் மங்கைக் கூட்டும். இட்லிக் கடை, பலகாரக் கடை வேலைக்காரர்கள் கொதிக்கும் சட்டிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், காற்றாடி சூட்டை வெளியே தள்ளும்படி அடுப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

மங்குக்கு மருந்து

முதல் 4 வாரம் மேலே சொன்ன வெயில் காவல் மட்டும். தேய்ப்பான், ஸ்கிரப், ப்ளீச், ஃபேஷியல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எரிச்சல் உண்டாக்குகிற எதுவும் நம் நிறத்துத் தோலில் இன்னும் கருமையைத்தான் விட்டுப்போகும்.

பிறகு இரவில் அசெலாயிக் ஆசிட் 10 சதவீதக் களிம்பு. பட்டாணி அளவு எடுத்து, திட்டில் மட்டும் வைக்காமல் முழு முகத்திலும் மெல்லியதாகப் பரப்புங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். போட்டதும் கொஞ்ச நேரம் சுருசுருவென்று இருக்கும், அது போய்விடும். தோல் சிவந்து உரிந்தால் வாரத்துக்கு இரண்டாகக் குறையுங்கள். ஆகும், ஆகாது என்பதை 12 வாரத்துக்கு முன் தீர்மானிக்க முடியாது. காலையில் நயாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம், அதன்மேல் சன்ஸ்கிரீன்.

ஹைட்ரோகுவினோன் நன்றாக வேலை செய்யும். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் குறித்த சில மாதங்களுக்கு மட்டும். வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கு நீலங்கறுப்பாக ஒரு படிவு உட்கார்ந்துவிடும், அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கஷ்டம். மங்குக்குச் சிலருக்கு எழுதப்படும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை ரத்தக்கட்டைக் கரையவிடாது. பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விழுங்கவே கூடாது.

கர்ப்பத்தில் வரும் மங்கு பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானே குறைவது உண்டு. அந்த நாட்களில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் களிம்புகள் இரண்டும் வேண்டாம். வெயில் காவல் போதும், தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு அசெலாயிக் ஆசிட். கருத்தடை மாத்திரை தொடங்கியபின் மங்கு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு முறை இருக்கிறது.

கடைக் களிம்பு

முகத்தை ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ட்யூபில் உள்ள சிறு எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கிளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், ஃபுளுசினோலோன் என்று எதுவாவது இருந்தால் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கேட்டால் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதல் வாரம் சிவப்பு, அரிப்பு எல்லாம் அடங்கி முகம் வெளுக்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து நூல் போல ரத்தக்குழாய் தெரியும், பெண்களுக்கு முகத்தில் பூனைமுடி வளரும், பொடிப்பொடியாகப் பரு கிளம்பும். வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். நிறுத்தினால் மூன்றாம் நாள் சிவந்து வீங்கி, முன்னைவிடக் கறுத்துத் திரும்பும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் அதையே போடுவார்கள். பல மாதம் போட்டவர்கள் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போனால் படிப்படியாக இறக்க வழி சொல்வார். படர்தாமரையில் போட்டாலும் இதே கதைதான்: அரிப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாக் கிரீம்கள் இன்னும் ஆபத்து. அவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படி ஒன்றைப் போட்டுவந்தபின் காலோ முகமோ வீங்கினால், சிறுநீரில் நுரை கட்டினால், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

தேமல்

இது அழுக்கால் வருவதல்ல. எல்லார் தோலிலும் இருக்கிற ஒரு பூஞ்சை வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் பெருகுவதால் வருவது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவைக் கழுத்திலிருந்து இடுப்புவரை, மேற்கையிலும், புள்ளி தெரியாத இடம் உட்படப் பூசி 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். தினம் ஒரு முறை, 5 நாள். தெரிகிற புள்ளிக்கு மட்டும் மருந்து வைப்பதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்குக் கீட்டோகோனசோல் மாத்திரை வேண்டாம், ஈரலைக் கெடுக்கும்.

பூஞ்சை செத்தபின்னும் வெள்ளை உடனே போகாது. நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். சுரண்டினால் பொடி உதிரவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது, காத்திருங்கள். வருஷா வருஷம் வருகிறவர்கள் பங்குனி கடைசியிலேயே 3 நாள் அதே ஷாம்பூவைப் போட்டுக் கழுவிவிடலாம். வியர்த்த பனியனை மாற்றாமல் படுப்பதும், உடம்பில் எண்ணெய் பூசி ஊறவிடுவதும் இதற்குத் தீனி.

வெண்புள்ளி

தொற்றாது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருகிறது. புதிதாக வந்த, பரவிக்கொண்டிருக்கிற நாட்களில் மருந்து நன்றாகப் பிடிக்கும். அதிலும் முகம், கழுத்து சீக்கிரம் நிறம் திரும்பும். விரல்நுனி, உதடு தாமதம். திட்டின் மேல் முடியும் நரைத்துவிட்டால் இன்னும் கடினம். டாக்ரோலிமஸ் களிம்பு இருவேளை, வாரம் 2 அல்லது 3 முறை குறும்பட்டை (நேரோபேண்ட்) புற ஊதா-பி ஒளிச் சிகிச்சை, வேகமாகப் பரவினால் மாத்திரை என்று மருத்துவர் தீர்மானிப்பார். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். தைராய்டு பரிசோதனையும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள்.

உரசுகிற இடத்தில் புதுப்புள்ளி கிளம்பும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாமல் அகலப்பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், வார் அழுத்தும் செருப்பை மாற்றுங்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்தால் ஒட்டுப்பொட்டின் பசையைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பசையில் இருக்கும் ரசாயனம் நிறமிச் செல்லைக் கொல்லக்கூடியது. அன்றைக்கே நிறுத்துங்கள், பொட்டை இடம் மாற்றி ஒட்டிக்கொள்வது தீர்வல்ல.

கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கிற வைத்தியம் இன்னும் இருக்கிறது. அதில் இருக்கும் சோராலென் வெயிலோடு சேர்ந்து வேலை செய்வது உண்மை. எவ்வளவு பூசினோம், எத்தனை நிமிடம் நின்றோம் என்கிற அளவு கைவசம் இல்லாததால் கொப்புளம் கிளம்பி, அந்தப் புண்ணே புதிய வெண்புள்ளியாக ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனாலும் அதே விதமாகப் பொத்துக் கறுக்கும். சேராங்கொட்டைப் பக்கமே போகாதீர்கள்.

தேய்த்தால் போகாத கருமைகள்

நைலான் நாரால் முதுகையும் கையையும் தினம் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கு மேல்முதுகில் அலை அலையாகக் கருமை படியும். அழுக்கென்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், இன்னும் கூடும். நாரை விட்டொழித்தாலே பாதி வேலை முடிந்தது.

கழுத்தைச் சுற்றி வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள். வெறும் வயிற்றில் 100-க்கு மேலோ எச்பிஏ1சி 5.7-க்கு மேலோ இருந்தால் எடையைக் குறைப்பதே கழுத்துக்கும் மருந்து. கைவிரல் முட்டிகள் கறுத்து, நாக்கு எரிந்து, களைப்பும் இருந்தால் பி12 சத்துக் குறைவைச் சோதியுங்கள். தலைச்சாயம் போட்ட சில நாளில் நெற்றியோரமும் காதோரமும் அரித்துக் கறுத்தால் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை. புதிய சாயம் எதையும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் வைத்து 48 மணி நேரம் பார்த்தபின் தலைக்குப் போடுங்கள்.

நடவுக் காலத்துச் சேற்றுப்புண் ஆறினபின் விரலிடுக்கில் கறுப்பு நிற்பதற்குக் காரணம் புண் நீண்டநாள் இருந்ததுதான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, க்ளோட்ரிமசோல் களிம்பு இருவேளை, ஆறியபின்னும் 2 வாரம் தொடருங்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் சின்னப் புண்ணானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பவுடரோ சன்ஸ்கிரீனோ இல்லாமல் வெறும் முகத்தோடு போங்கள். இதுவரை தடவிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை வாயால் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். போனில் எடுத்த படங்களைத் தேதி வரிசையில் காட்டுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகள், கர்ப்பம் அல்லது தாய்ப்பால் கொடுப்பது, வீட்டில் வேறு யாருக்காவது இதுபோல் உண்டா என்பதைக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். களிம்பு எழுதிக்கொடுத்தால் எவ்வளவு, எந்த நேரம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.